அப்பாவின் கடைசி ரிட்டர்ன்

18 ஆகஸ்ட் 2025, திங்கள்

அப்பா தவறியது போன வருஷம் நவம்பர் 18. ஏப்ரலிலிருந்து அன்றைய தேதி வரை அவருக்கு வந்த ஓய்வூதியமும் டெபாசிட் வட்டியும் அவருடைய வருமானம். அதற்கு அவர் பெயரில் ஒரு ரிட்டர்ன் பாக்கி இருக்கிறது. "போனவருக்கு என்னடா வரிக் கணக்கு?" என்று மாமா கேட்டார். சட்டம் அப்படித்தான் மாமா. வருமான வரிச் சட்டத்தின் 159-ஆம் பிரிவுப்படி, இறந்தவருடைய வாரிசு அவர் இடத்தில் நின்று கணக்குக் காட்ட வேண்டும்.

வரி ஒரு ரூபாய்கூட வராது. நிலையான கழிவு 75,000 போக மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறது. அந்த 2024-25 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் 7 லட்சம் வரை 87ஏ பிரிவின் வரித் தள்ளுபடி உண்டு. ஆனால் 3 லட்சத்தைத் தாண்டிவிட்டால் ரிட்டர்ன் போட்டே ஆக வேண்டும். இந்த வருஷம் கடைசித் தேதியை ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்குத் தள்ளியிருக்கிறார்கள். அதுவரை நேரம் இருக்கிறது.

அப்பா ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். ஒரு வருஷம்கூட யாரிடமும் காசு கொடுத்து ரிட்டர்ன் போட்டதில்லை. பீரோவில் வருஷவாரியாக ஃபைல் இருக்கிறது. கடைசி ஃபைலை நானே முடித்து அதில் வைக்க வேண்டும் என்று ஆசை.

முதல் தடை, அவருக்காக நான் போடலாம் என்று துறையிடம் பதிவு செய்வது. பக்கத்துத் தெரு பிரவுசிங் சென்டரில், "கோர்ட்டில் வாரிசுரிமைச் சான்று வாங்கணும் சார், ஆறு மாசம் ஆகும். நம்மகிட்ட ஆள் இருக்கு" என்றார்கள். மனசு கேட்கவில்லை. துறையிடமே கேட்டுவிடுவது என்று முடிவு.

20 ஆகஸ்ட், புதன்

காலை எட்டு மணிக்கு லைன் திறந்ததும் 1800 103 0025-க்குப் போன் போட்டேன். இது பெங்களூரு மத்தியச் செயலாக்க மையத்துக்கும் ஈ-ஃபைலிங் தளத்துக்குமான உதவி எண். திங்கள் முதல் வெள்ளி வரை, காலை எட்டிலிருந்து இரவு எட்டு. பதிவுக் குரல் முடிந்து, இசை ஓடி, ஒரு பெண் ஆங்கிலத்தில் ஆரம்பித்தார். "மேடம், தமிழ்ல பேசுறவங்க இருந்தா கொஞ்சம் மாத்துங்க, அம்மாவும் பக்கத்துல கேட்டுட்டு இருக்காங்க" என்றேன். "லைன்ல இருங்க சார்" என்று கன்னட வாடையோடு தமிழில் சொன்னார். அவரே தொடர்ந்தார்.

"உங்க பான் நம்பர் சொல்லுங்க. அப்பாவோடது இல்ல சார், உங்களோடது. நீங்க உங்க லாகின்ல இருந்துதான் பண்ணணும்."

இந்த ஒரு வாக்கியம் போதும், காத்திருந்தது வீண் போகவில்லை. அப்பாவின் பாஸ்வேர்டு ஃபைலிலேயே இருக்கிறது. அதை வைத்து நுழைந்து போட்டுவிடுங்கள் என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அது வழி இல்லை. என் லாகினில், பிரதிநிதியாகப் பதிவு செய்யும் பகுதிக்குப் போய், 'இறந்தவர், சட்டப்பூர்வ வாரிசு' என்ற வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பாவின் பான் அட்டை, இறப்புச் சான்று, வாரிசு என்பதற்கான ஆதாரம் ஆகியவற்றை ஏற்ற வேண்டும்.

கோர்ட் சான்று வேண்டுமா என்று கேட்டேன். "கட்டாயம் இல்ல சார். தாசில்தார் குடுத்த வாரிசுச் சான்று இருக்கா? அது போதும்." அரசு கொடுத்த குடும்ப ஓய்வூதியச் சான்றையும் ஏற்பார்கள், பதிவு செய்த உயிலையும் ஏற்பார்கள், நாமினி யார் என்று வங்கி லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு கொடுத்த கடிதத்தையும் ஏற்பார்கள் என்று பட்டியலைப் படித்தார். எங்களிடம் தாசில்தார் சான்று பிப்ரவரியிலேயே இ-சேவை மூலம் வந்துவிட்டது. அம்மா, நான், தங்கச்சி, மூன்று பேர் பெயரும் அதில் இருக்கிறது.

அம்மா பக்கத்தில் இருந்து, "அந்தப் பொண்ணுகிட்ட நல்லா இருங்கம்மான்னு சொல்லுடா" என்றார். சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு நொடி அமைதி. அப்புறம் "தேங்க்ஸ் அம்மா" என்றார்.

ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன், யாருக்காவது பயன்படும். கூகுளில் 'வருமான வரி கஸ்டமர் கேர்' என்று தேடி முதலில் கண்ணில் படும் மொபைல் எண்ணைக் கூப்பிடாதீர்கள். எண்ணைத் துறையின் தளத்திலிருந்தே எடுங்கள். ஓடிபி, வங்கி பின் நம்பர் கேட்கிற எவரும் துறையின் ஆள் இல்லை.

22 ஆகஸ்ட், வெள்ளி

ஏற்றியாயிற்று. ஒரு கோப்பு 5 எம்பிக்குள் இருக்க வேண்டும். கலரில் ஸ்கேன் செய்து பிறகு சுருக்கினேன்.

பெயரில்தான் கவனம் தேவைப்பட்டது. நம்மூரில் வாரிசுச் சான்றில் இன்ஷியலோடு இருக்கும். பான் அட்டையிலோ தாத்தா பெயர் முழுசாக விரிந்து, குடும்பப் பெயர் மாதிரி பின்னால் நிற்கும். பான் எண்ணின் ஐந்தாவது எழுத்தே அந்தப் பெயரின் முதல் எழுத்துதான். நான்காவது எழுத்து 'பி' என்றால் தனிநபர். விண்ணப்பத்தில் பான் அட்டையில் உள்ளபடியே அடித்தேன்.

29 ஆகஸ்ட், வெள்ளி

ஒப்புதல் வந்துவிட்டது. என் லாகினுக்குள்ளேயே அப்பாவின் பெயருக்கு மாறிக்கொள்ள வழி திறந்திருக்கிறது. அவருடைய பழைய ரிட்டர்ன்கள் எல்லாம் வரிசையாகத் தெரிந்தன. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஏஐஎஸ்ஸை, அதாவது அவருடைய வருமான விவரங்களைத் துறை தொகுத்து வைத்திருக்கும் ஆண்டுத் தகவல் அறிக்கையை, திறந்தால் சிக்கல். ஜனவரி முதல் மார்ச் வரையான டெபாசிட் வட்டி சுமார் 27,000 ரூபாய் அப்பா பெயரில் ஏறியிருக்கிறது. அதில் 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே கழிக்கும் வரி) பிடித்து அதுவும் அவர் பான் எண்ணில் போயிருக்கிறது. ஜனவரி முதல் வாரமே வங்கியில் இறப்புச் சான்று கொடுத்து ரசீது வாங்கினோம். வட்டியில் வரி பிடிக்க வேண்டாம் என்று அவர் கொடுத்திருந்த 15எச் படிவத்தை ரத்து செய்யத் தெரிந்தவர்களுக்கு, பான் எண்ணை மாற்றத் தோன்றவில்லை. வங்கியின் பெயரை எழுதப் போவதில்லை. ஆனால் கோபம் கோபம்தான். நாமினி அம்மா. பணம் அம்மாவுக்குச் சேர வேண்டியது.

1 செப்டம்பர், திங்கள்

இன்று தெரிந்துகொண்ட பெரிய விஷயம்: துறை ஒன்று, கதவுகள் பல. ரிட்டர்ன் போடுவது, நோட்டீஸ், ரீஃபண்ட் எல்லாம் பெங்களூரு எண். ஏஐஎஸ் விவரத்துக்கு 1800 103 4215. டிடிஎஸ், அதன் வரவைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கை என்றால் டிரேசஸ் தளம், 1800 103 0344. அது காசியாபாத் வைசாலியில் இருக்கும் டிடிஎஸ் மையத்தின் எண். கதவு மாறித் தட்டினால் எவ்வளவு நல்லவர் எடுத்தாலும் அவர் திரையில் நம் விவரம் இருக்காது. நம் ஆட்கள் பாதிப் பேர் "கவர்மெண்ட் ஆபீஸ்ல போனை எடுத்தாலும் பதில் தெரியாது" என்று அலுத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது.

ஏஐஎஸ் எண்ணில் பேசியவர் தெளிவாகச் சொன்னார்: அந்த வட்டி விவரம் உள்ள இடத்தைத் தட்டினால் கருத்துச் சொல்லும் வசதி வரும். அதில் 'இந்தத் தகவல் வேறு பான் எண்ணுக்கோ வேறு ஆண்டுக்கோ உரியது' என்று ஒரு தேர்வு இருக்கிறது. அதைக் கொடுங்கள்.

"டிடிஎஸ்ஸும் அதோட அம்மா பேருக்கு மாறிடுமா சார்?"

"மாறாது. அது வங்கி திருத்தினாத்தான்."

டிரேசஸிலும் அதே பதில். வரி பிடித்தவர் தாக்கல் செய்த டிடிஎஸ் அறிக்கையை அவரால்தான் திருத்த முடியும். துறை தானாகக் கை வைக்காது. வருமான வரி விதிகளில் 37பிஏ(2) என்று ஒரு விதி இருக்கிறது. யார் பெயரில் வரவு போக வேண்டுமோ அவருடைய பெயர், முகவரி, பான், தொகை, காரணம் எல்லாம் எழுதி வங்கிக்கு ஓர் உறுதிமொழி கொடுக்கலாம். அந்த விதி எண்ணைக் கடிதத்தில் போடுங்கள் என்றார் அந்தத் தம்பி. குரலில் இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அவ்வளவு பொறுமை.

தளத்தின் சாட்டிலும் கேட்டுப் பார்த்தேன். தானியங்கி பதில்கள் முடிந்து ஆள் வந்த பிறகுதான் பிரயோஜனம். ஒரு வசதி, பேசியதெல்லாம் எழுத்தில் இருக்கும், சேமித்துக்கொள்ளலாம்.

3 செப்டம்பர், புதன்

அம்மாவை அழைத்துக்கொண்டு மதுரை பீபிகுளம் வருமான வரி அலுவலகம் போனேன். போனில் யாரும் சொல்லாத ஒரு கேள்வி பாக்கி இருந்தது: அம்மாவின் ரிட்டர்னையும் 15-ஆம் தேதிக்குள் போட வேண்டுமா, வங்கி திருத்தும் வரை காத்திருக்கலாமா? "அது உங்க சூழ்நிலையைப் பொறுத்தது சார், நாங்க சொல்ல முடியாது" என்று எல்லோருமே ஒதுங்கினார்கள். தளத்தை எப்படிப் பயன்படுத்துவது என்றுதான் அவர்கள் சொல்லலாம், ஆலோசனை கூடாது. அது அவர்களுடைய வரம்பு, குற்றம் சொல்ல முடியாது.

இங்கே அதிகாரி ஒருவர் அம்மாவைப் பார்த்ததும் "உக்காருங்கம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் காகிதங்களைப் பரப்பினேன். அவர் முதலில் தேடி எடுத்தது இறப்புச் சான்றை. தேதிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டார். "இந்தத் தேதி வரைக்கும் சார் வருமானம். மறுநாள்ல இருந்து அம்மா வருமானம். வங்கிகிட்ட தேதி பிரிச்சு வட்டிச் சான்று கேளுங்க. டிசம்பர் 31-ல வரவு வெச்ச வட்டியிலயும் சாருக்குப் பங்கு இருக்கு, அம்மாவுக்கும் பங்கு இருக்கு."

அம்மாவின் குடும்ப ஓய்வூதியம், வட்டி எல்லாம் கூட்டினாலும் 3 லட்சத்தைத் தொடாது. அதனால் அவர் ரிட்டர்ன் போடுவது கட்டாயமே இல்லை. பிடித்த டிடிஎஸ்ஸைத் திரும்பப் பெறத்தான் போட வேண்டும். "டிசம்பர் 31 வரைக்கும் தாமத ரிட்டர்ன் போடலாம். கட்டாயம் இல்லாதவங்களுக்குத் தாமதக் கட்டணமும் கிடையாது. 26ஏஎஸ்ல அம்மா பேர் வந்தப்புறம் நிதானமா போடுங்க. சாருக்கு மட்டும் 15-க்குள்ள முடிச்சிருங்க."

இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு இவ்வளவு அலைச்சலா என்று அவர் கேட்கவில்லை. வெளியே வந்ததும் அம்மாதான் கேட்டார். அவரே பதிலும் சொன்னார்: "அவர் சேத்த காசு, விடக்கூடாது."

அப்படியே வங்கிக்குப் போய் 37பிஏ(2) கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கினேன். விதி எண்ணைப் பார்த்ததும் மேலாளர் அறைக்கே கூப்பிட்டார்கள்.

14 செப்டம்பர், ஞாயிறு

தேதி பிரித்த வட்டிச் சான்று முந்தாநாள்தான் கைக்கு வந்தது. இன்று ராத்திரி உட்கார்ந்தேன். கடைசி நாட்களுக்காக உதவி மையம் இருபத்துநாலு மணி நேரமும் இயங்கும், போன், சாட், வெபெக்ஸ் (திரையைப் பகிரும் இணைய அழைப்பு), எக்ஸ் தளம் நான்கிலும் கேட்கலாம் என்று துறை அறிவித்திருக்கிறது.

ஒரே ஓர் இடத்தில் நின்றுவிட்டேன். ரிட்டர்னின் கடைசிப் பக்கத்தில் உறுதிமொழி என் பெயரில் வரவில்லை, அப்பாவின் பெயரே வந்து நிற்கிறது. போனில் சொன்னதும், விளக்குவதைவிடக் காட்டச் சொல்வது எளிது என்று வெபெக்ஸ் இணைப்பு அனுப்பினார்கள். திரையைப் பகிர்ந்தேன். அந்தப் பக்கம் இருந்தவர் எதையும் தொடவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். "மேல தன்மைன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அதுல 'சுயம்'னு இருக்கு. 'பிரதிநிதி'ன்னு மாத்துங்க." மாற்றினேன். என் பெயரும் என் பான் எண்ணும் வந்தன. ஓடிபி வரும் நேரத்தில், "சார், திரைப் பகிர்வை நிறுத்திட்டு ஓடிபி போடுங்க. எங்களுக்கு அது தெரியக் கூடாது" என்றார் அவராகவே. என் ஆதார் ஓடிபி. சரிபார்ப்பு முடிந்தது என்று பச்சையில் வந்தது.

மணி பதினொன்று தாண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரியில் என் திரையைப் பார்த்து ஒரு கட்டத்தைக் காட்டிக்கொடுக்க அரசாங்கம் ஒருவரை உட்கார வைத்திருக்கிறது. இது சாதாரண விஷயம் இல்லை. இந்த வசதி கடைசி வாரத்தில் மட்டும் இல்லாமல் வருஷம் முழுக்க இருக்க வேண்டும். முதியவர்கள், விதவைகள், ஆடிட்டருக்குக் கொடுக்க வழியில்லாதவர்கள் ஜூலையிலும் ஆகஸ்டிலும்தானே தவிக்கிறார்கள்?

16 செப்டம்பர், செவ்வாய்

நேற்று ராத்திரி கடைசித் தேதியை இன்னும் ஒரு நாள் நீட்டியிருக்கிறார்கள். நேற்று வரை 7.3 கோடி ரிட்டர்ன்களுக்கு மேல் வந்திருக்கின்றனவாம். அதில் அப்பாவுடையதும் ஒன்று.

9 அக்டோபர், வியாழன்

அப்பாவின் ரிட்டர்னைத் துறை சரிபார்த்து அனுப்பும் 143(1) அறிவிப்பு மின்னஞ்சலில் வந்தது. கோப்பைத் திறக்க அவருடைய பான் எண் சிறிய எழுத்தில், தொடர்ந்து பிறந்த தேதி எட்டு இலக்கம். நாம் காட்டியதும் அவர்கள் கணக்கிட்டதும் ஒன்றே. கட்ட வேண்டியது பூஜ்யம். அச்சடித்து ஃபைலில் கோத்தேன்.

19 நவம்பர், புதன்

நேற்று அப்பாவின் முதல் வருஷ நினைவு நாளுக்கு வந்திருந்த தங்கச்சி ஊருக்குக் கிளம்பினாள். அவள் போன பிறகு சும்மா 26ஏஎஸ்ஸைத் திறந்தேன். வங்கி திருத்திவிட்டது. மார்ச் காலாண்டு டிடிஎஸ் அம்மாவின் பான் எண்ணில் வந்திருக்கிறது. சாயங்காலமே ரிட்டர்னைப் போட்டோம். ஓடிபியை அம்மாவே போனில் பார்த்து ஒவ்வோர் இலக்கமாகப் படித்தார்.

"அப்பா பேர்ல இனி ஒண்ணும் போட வேண்டாம்ல?" என்று கேட்டார். பான் அட்டையை ஒப்படைப்பது மட்டும் பாக்கி. அது கட்டாயம் இல்லை, ஆனால் செய்துவிடுவது நல்லது. அந்த எண்ணை வேறு யாரும் எடுத்தாள முடியாது. மதிப்பீட்டு அதிகாரிக்கு ஒரு கடிதம், இறப்புச் சான்றின் நகல், பான் அட்டை. கடிதம் தட்டச்சு செய்தாகிவிட்டது. திங்கட்கிழமை பீபிகுளத்தில் கொடுத்து ஒப்புகை வாங்க வேண்டும்.