ஐந்து மணிக்கு டீ சாப்பிடுகிற ஊர்

சனிக்கிழமை காலை. மகன் வீடியோ காலில் தன் ஆச்சியிடம் முந்தின நாள் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டாளி வீட்டுக்குப் போனானாம், அங்கேயே டீ சாப்பிட்டானாம், நல்லா இருந்ததாம், இன்னும் வேணுமா என்று கேட்டார்களாம், வாங்கிச் சாப்பிட்டானாம். அதற்குள் ஆச்சியின் முகம் மாறிவிட்டது. மகனை விட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, பச்சப்புள்ளைக்கு டீயா குடுக்காங்க? அதும் ரெண்டு தடவ? நீயும் பாத்துக்கிட்டுதான் இருக்கியா? கறுத்துப் போவான்லா."

டீ குடித்தால் கறுத்துப்போகும் என்ற பயத்திலேயே பத்தாம் வகுப்பு வரை ஹார்லிக்ஸ் குடித்து வளர்ந்தவள் நான். அவர் கையில் அப்போது ஒரு டம்ளர் டீ இருந்தது. அம்பாசமுத்திரத்தில் மணி மூன்றரை, அவருக்கு அது டீ நேரம். நான் விளக்க ஆரம்பித்தேன். அம்மா, இந்த ஊரில் டீ என்றால் டீ இல்லை. சாயங்காலச் சாப்பாட்டுக்குத்தான் டீ என்று பேர். அவன் சாப்பிட்டது மீன் துண்டு, உருளைக்கிழங்கு வறுவல், பட்டாணி. கேட்டுவிட்டு அம்மா ஒரு வாய் டீ குடித்தார். "மீனத் தின்னுட்டு டீங்கானா? அப்பம் டீக்கு என்ன சொல்லுவாங்க?"

அதற்கும் டீதான். அதுதான் இங்கே பிரச்சினை.

அம்மாவையும் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் டீயை யாரும் குடிப்பதில்லை. "டீ சாப்பிடுதியளா?" என்றுதான் கேட்போம், "காப்பி சாப்பிட்டுட்டுப் போங்க" என்றுதான் உபசரிப்போம். இந்தப் பிள்ளை யார்க்‌ஷயர் டீயைத் திருநெல்வேலித் தமிழில் "சாப்பிட்டேன்" என்று சொன்னதும் இரண்டு ஊர்ப் பேச்சும் சரியாகப் பொருந்திவிட்டன. கேட்பவர் வேறு எப்படித்தான் புரிந்துகொள்வார்?

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் வட்டாரத்து ஹடர்ஸ்ஃபீல்டில். லீட்ஸுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவே, குன்றுகளுக்கிடையில் இருக்கிற பழைய கம்பளி ஆலை ஊர். இங்கே மதியச் சாப்பாட்டுக்கு டின்னர் என்று பேர். பள்ளியில் மதியம் பரிமாறும் அம்மாவை டின்னர் லேடி என்பார்கள், அதற்குக் கட்டும் காசு டின்னர் மணி. லண்டன் பக்கம் போனால் டின்னர் ராத்திரிக்கு நகர்ந்துவிடும். ஒருவர் எந்தச் சாப்பாட்டை எந்தப் பெயரால் சொல்கிறார் என்பதை வைத்தே அவர் வடக்கா தெற்கா, அப்பா ஆலையில் வேலை பார்த்தாரா அலுவலகத்திலா என்று கணக்குப் போட்டுவிடுகிறார்கள். சாதி கேட்காமல் "நீங்க எந்தத் தெரு?" என்று நம்மூரில் விசாரிப்பார்களே, ஏறக்குறைய அதே சாமர்த்தியம்.

கதை சுமார் 1840-களில் தொடங்குகிறது என்பார்கள். பெட்ஃபோர்டு சீமாட்டி ஆனாவுக்கு மதியச் சாப்பாட்டுக்கும் வெகுநேரம் கழித்து வரும் இரவு விருந்துக்கும் நடுவில் வயிறு கிள்ளியதாம். டீயும் ரொட்டியும் வெண்ணெயும் அறைக்கே வரவழைத்தார், பிறகு தோழிகளையும் கூப்பிட ஆரம்பித்தார். அதுதான் ஆஃப்டர்நூன் டீ, சீமாட்டிகளின் நொறுக்குத்தீனி. இந்தப் பள்ளத்தாக்கு ஆலைகளில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு மாலை வீடு திரும்பியவர்களுக்கு வெள்ளரிக்காய் சாண்ட்விச் எந்த மூலைக்கு? அவர்களுக்குச் சூடாகக் கறியும் கிழங்கும் வேண்டும், பக்கத்தில் ஒரு கெட்டில் டீயும் வேண்டும். அதற்கு ஹை டீ என்று பேர் வந்தது. நாளடைவில் ஹை போய்விட்டது, டீ மட்டும் நின்றது. சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனியில் ஹை டீ என்று மெயில் வந்தால் சமோசா, ஒரு துண்டு கேக், மேலதிகாரியின் சொற்பொழிவு என்று அர்த்தம். ஆலைத் தொழிலாளியின் இரவுச் சாப்பாடு எப்படியோ கடல் தாண்டிப் போய் நட்சத்திர ஹோட்டல் பலகாரமாகிவிட்டது.

பெயரைக்கூடச் சகித்துக்கொள்வேன். என் சண்டை நேரத்தோடுதான். ஐந்து மணிக்கு, மிஞ்சினால் ஐந்தரைக்கு, ஒரு நாளின் கடைசிச் சாப்பாட்டை முடித்துவிட்டு மனுஷர் எப்படி இருப்பது? நம் ஊரில் ஐந்து மணி என்றால் அப்போதுதான் வாசல் தெளிப்பார்கள், பூக்காரி வருவாள். விளக்கேற்றுவதற்கு இன்னும் நேரம் இருக்கும். இங்கே அந்த நேரத்துக்குத் தெரு முழுக்க உருளைக்கிழங்கு வேகிற வாசனை வருகிறது. ஜூன் மாதத்தில் இன்னும் மோசம். டீ முடிந்து பாத்திரம் கழுவி, பிள்ளையைக் குளிப்பாட்டிப் படுக்கவைத்த பிறகும் வெளியே பளீரென்று வெயில் அடிக்கும். ஒன்பதரை வரை இருட்டாது. வெயிலில் ராத்திரிச் சாப்பாட்டை முடிக்கிற அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

இருந்தாலும் பழகிவிட்டோம். மகன் பள்ளியிலிருந்து வந்து "டீக்கு என்ன?" என்று கேட்டால் இப்போது நான் திடுக்கிடுவதில்லை. "சாம்பார் சாதம், உருளைக்கிழங்குப் பொடிமாஸ்" என்று சாதாரணமாகப் பதில் வருகிறது. குடும்பத்தோடு ஐந்தரைக்குச் சாப்பிட்டுவிடுகிறோம், டாக்டர்கள்கூட அதுதான் நல்லது என்கிறார்கள். அப்புறம் ஒன்பதரை மணிக்கு என் வீட்டுக்காரர் சமையலறையில் மெதுவாக ஃபிரிட்ஜைத் திறக்கும் சத்தம் கேட்கும். நான் எழுந்துபோய் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். இந்த இரண்டாவது சாப்பாட்டுக்கு யார்க்‌ஷயரில் பேர் இல்லை. எங்களுக்கு அதுதான் சாப்பாடு.

அலுவலகத்தில் குடிக்கிற டீக்கு ப்ரூ என்பார்கள். அதில் ஒரு சட்டம் இருக்கிறது: எழுந்துபோய் உனக்கு மட்டும் டீ போட்டுக்கொண்டு வரக் கூடாது. வரிசையில் இருக்கிற எல்லோரையும் கேட்க வேண்டும். முதலில் எனக்கு இது பெரிய ஆனந்தமாக இருந்தது, வந்தவர்களுக்கெல்லாம் டீ போடுகிற வீட்டில் வளர்ந்தவள் அல்லவா. அப்புறம்தான் விவரம் தெரிந்தது. ஒருவருக்குப் பையை முங்கவைத்து உடனே எடுத்துவிட வேண்டும். இன்னொருவருக்குக் கரண்டியால் குவளையின் பக்கத்தில் வைத்துப் பிழிய வேண்டும். பிழிந்தால் கசக்கும் என்று மூன்றாமவர் சொல்வார். கட்டட வேலை செய்பவர்கள் குடிக்கிற மாதிரி செக்கச்செவேல் என்று இரண்டு சர்க்கரை போட்டது பில்டர்ஸ் டீ, அது எங்கள் மேலாளருக்கு. பால் முதலிலா கடைசியிலா என்பதில் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. இதற்கு பிரிட்டிஷ் தரநிர்ணய அமைப்பு 1980-இல் ஆறு பக்கத்துக்கு விதிமுறையே போட்டது. சுவை பார்ப்பவர்களுக்காக எழுதியதுதான். கொதித்த தண்ணீர் ஊற்றி ஆறு நிமிடம் மூடிவைக்கச் சொல்கிறது. அதற்காக 1999-இல் அந்த அமைப்புக்கு இலக்கியத்துக்கான இக் நோபல் கேலிப் பரிசு கொடுத்தார்கள். பரிசு சரியான இடத்துக்குத்தான் போனது.

இவர்களின் டீ வெறியைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. உலகப் போர்க் காலத்தில், 1940-இல், ஆளுக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் தூள் என்று ரேஷன் வைத்தார்கள்; அது 1952 வரை நீடித்தது. 1990 உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் இங்கிலாந்து மேற்கு ஜெர்மனியிடம் பெனால்டியில் தோற்றதும் நாடு முழுக்க ஒரே நேரத்தில் எழுந்துபோய் கெட்டிலைப் போட்டதில் மின் தேவை சட்டென்று 2,800 மெகாவாட் ஏறியது. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலையும் சேர்ந்தாலே 2,000 மெகாவாட்தான்.

பானமும் சாப்பாடும் போக, இந்தச் சொல் வீடு முழுக்கப் பரவிக் கிடக்கிறது. பாத்திரம் துடைக்கிற துணி டீ டவல். க்ரீம் டீ என்று கேட்டால் ஸ்கோன் ரொட்டியும் கட்டிக் க்ரீமும் ஜாமும் வரும். க்ரீம் முதலில் என்பார்கள் டெவன்காரர்கள், ஜாம் முதலில் என்பார்கள் கார்ன்வால்காரர்கள். ஒரு காலத்தில் நோயாளிக்குக் கொடுத்த மாட்டுக்கறிச் சாற்றுக்கு பீஃப் டீ என்று பேர், அதில் ஒரு இலைகூடக் கிடையாது. டெஸ்ட் மேட்சில் இருபது நிமிட இடைவேளைக்கும் டீதான். அதை அப்பாவின் ரேடியோவிலேயே கேட்டிருக்கிறோம். "டீ இடைவேளைக்குள் இரண்டு விக்கெட்" என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. தகரக் கிண்ணத்தில் வருகிற குட்டி மெழுகுவத்தி டீலைட். டீ கெட்டிலைச் சூடாக வைத்திருக்க அடியில் ஏற்றுவார்களாம். நான் அதைப் பெட்டி பெட்டியாக வாங்குகிறேன், கார்த்திகைக்கு. இங்கே அகல் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் நவம்பர் காற்றில் திரி நிற்காது. ஜன்னல் விளிம்பில் டீலைட்டை வரிசையாக வைத்துவிட்டு, புகை அலாரம் அடிக்காமல் இருக்கப் பொரி உருண்டைக்குப் பாகு காய்ச்சும்போது கதவைத் திறந்து வைக்கிறேன்.

இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிற நாம் மட்டும் என்ன, டீயை டீயாகவா வைத்திருக்கிறோம்? "டீ செலவுக்கு ஏதாவது பாத்துக் குடுங்க" என்று ஆபீஸில் காதோடு சொன்னால் அது லஞ்சம். "வாங்க, ஒரு டீ சாப்பிட்டுட்டு வருவோம்" என்றால் உங்களிடம் தனியாக ஒரு விஷயம் பேச வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் டீயை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பினால் அன்றைக்கு ராத்திரி வீட்டில் யாரும் பேசமாட்டார்கள். ஆளுநரின் தேநீர் விருந்துக்குப் போகாமல் இருப்பது ஓர் அரசியல் அறிக்கை. நாகர்கோவில் அத்தை வீட்டில் டீயே கிடையாது, சாயாதான்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த கடையில் மாஸ்டர் முதலில் கண்ணாடி கிளாஸில் கொஞ்சம் வெந்நீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டுவார். அப்புறம் பாய்லருக்குப் பக்கத்திலிருந்து தூள் தங்கிய துணி வடிகட்டியைத் தூக்கி, டிக்காஷனை இறக்கி, சர்க்கரை, பால். ஒரு கை தலைக்கு மேலே, ஒரு கை இடுப்புக்குக் கீழே. நான்கு ஆற்று ஆற்றிவிட்டு, அடியில் பழுப்பும் மேலே நுரையுமாக டக்கென்று பலகையில் வைப்பார். அப்பா தினத்தந்தியின் நடுப்பக்கம் கைக்கு வரும் வரைக்கும் அந்த ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அந்தத் தூள் வந்த இடம் எங்களுக்குக் கண்ணுக்குத் தெரியும். மணிமுத்தாறு தாண்டி மேலே ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. அந்தத் தோட்டத்து ஆட்கள் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் ஊர்வலம் போனபோது போலீஸ் தடியடி நடத்தி, தாமிரபரணியில் 17 பேர் செத்துப்போனார்கள். கொஞ்ச நாளைக்கு எங்கள் வீட்டில் யாரும் டீயைப் பற்றிச் சாதாரணமாகப் பேசியதாக எனக்கு ஞாபகம் இல்லை. 2024-இல் தோட்ட வேலையே நின்றுபோய், ஆட்களைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டார்கள். இங்கே கடை அலமாரியில் யார்க்‌ஷயர் டீ என்று பெரிதாகப் போட்ட பெட்டியைப் பார்க்கும்போது சிரிப்புத்தான் வரும். இந்தக் குளிரில், ஆடு மேய்கிற இந்த மலையில், எங்கே இருக்கிறது தோட்டம்? ஆப்பிரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் இலை வருகிறது, இங்கே கலந்து பெட்டியில் அடைக்கிறார்கள். ஆனால் ஒன்று, நல்ல தூள். இஞ்சி தட்டிப் போட்டுப் பாலோடு கொதிக்கவைத்தால் நிறம் இறங்குகிறது.

பக்கத்து வீட்டம்மாவை வருகிற சனிக்கிழமை டீக்குக் கூப்பிட்டிருக்கிறேன். ஐந்து மணிக்கு வருகிறேன் என்றார், எந்த டீ என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் பஜ்ஜியும் கேசரியும் போதும் என்கிறார். ஒருவேளை வீட்டில் அன்றைக்குச் சமைக்காமல் வந்துவிட்டால் என்ன செய்வது என்று தோசை மாவும் அரைத்துவிட்டேன். கடலை மாவு தீர்ந்திருக்கிறது, நாளைக்கு பிராட்ஃபோர்டு போனால் வாங்க வேண்டும்.