கடலூர் மாடியில் ஒரு கட்டு 'ரீப்ளே'

வீடியோ கேம் ஆடுபவர்களுக்காக வந்த பத்திரிகைகளைச் சேகரிக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் தேடுவது வேறு. காசு போட்டு ஆடும் வீடியோ கேம் மெஷின்களை வாங்கி, கடை கடையாக வைத்து, வாரக் கடைசியில் காசுப் பெட்டியைத் திறந்து எண்ணினார்களே, அவர்களுக்காக அச்சான தொழில் பத்திரிகைகள். அமெரிக்காவில் 'ப்ளே மீட்டர்' 1974-ல் தொடங்கியது. மறு வருடமே, அதுவரை 'கேஷ் பாக்ஸ்' பத்திரிகையில் இருந்த எடி ஆட்லம் 'ரீப்ளே'யைத் தொடங்கினார். ஜப்பானில் 'கேம் மெஷின்' என்று ஒரு செய்தித்தாளே வந்தது. இன்றைக்குப் பாட்டு வரிசைக்குப் பேர்போன 'பில்போர்டு'கூட ஒரு காலத்தில் சர்க்கஸ், பொருட்காட்சி, காசு போட்டால் ஓடும் மெஷின் என்று எல்லாவற்றையும் எழுதிய பத்திரிகைதான். 1961-ல்தான் பொருட்காட்சிச் செய்திகளைத் தனிப் பத்திரிகையாகப் பிரித்துவிட்டு, பாட்டுப் பக்கம் முழுதாகத் திரும்பியது.

இந்தப் பத்திரிகைகள் புதுச்சேரியில் கிடைக்குமா என்று கேட்காதவர் இல்லை. எனக்கு அந்த ஊரின் மேல் ஒரு நம்பிக்கை. வெளிநாடு போய் வந்த குடும்பங்கள் அதிகம், பழைய காகிதத்தைச் சட்டென்று எடைக்குப் போடாத வீடுகளும் அதிகம். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே மகாத்மா காந்தி சாலைக்குப் போய்விட்டேன். சண்டே மார்க்கெட்டில் முக்கால்வாசி துணிக்கடைகள். சட்டைக் குவியல்களைத் தாண்டிப் போனால் தரையில் சாக்கு விரித்துப் பழைய புத்தகம் விற்பவர்கள் சிலர் இருப்பார்கள். பிரெஞ்சு வார இதழ்கள், தையல் புத்தகங்கள், யாரோ படித்து முடித்த நர்சிங் பாடநூல். "கேம் மெஷின் புக்கு" என்று கேட்டால் சிறுவர் காமிக்ஸை எடுத்து நீட்டுகிறார்கள். ஒரு வியாபாரி மட்டும் கொஞ்சம் யோசித்தார். "கடலூர்ல ஒரு பெரியவர் கேம் கடை வச்சிருந்தாரு சார். இங்கிலீஷ் புக்கு கட்டுக் கட்டா வீட்ல இருக்குன்னு சொல்லுவாரு." அதற்கு மேல் எனக்கு மார்க்கெட்டில் கால் நிற்கவில்லை.

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் என்று பஸ் நின்று நின்று போனது. தென்பெண்ணைப் பாலம் தாண்டினால் கடலூர். திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, பாடலீஸ்வரர் கோயிலுக்குப் பின்பக்கம் விசாரித்துக்கொண்டே போனேன். வீட்டைச் சொல்ல யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. அந்தத் தெருவில் நாற்பது வயதைத் தொட்ட ஆண்கள் எல்லோரும் அவர் கடையில் டோக்கன் வாங்கியவர்கள்.

பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். "உள்ள வாங்க தம்பி, இத தேடிகிட்டு ஒருத்தர் வருவாருன்னு நான் நெனச்சதே இல்ல" என்றார். அவர் தம்பி சிங்கப்பூரில் மெஷின் பழுது பார்க்கும் வேலையில் இருந்திருக்கிறார். கம்பெனியில் படித்துத் தள்ளிய இதழ்களை ஊருக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் போட்டுக் கொண்டுவருவாராம். அண்ணன் அதை வைத்துத்தான் தொழில் கற்றுக்கொண்டார்.

மாடி அறையில் இரண்டு தகரப் பெட்டிகள். 2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கரையேறியபோது ஓடு பறந்து, கீழே இருந்த பெட்டியில் தண்ணீர் புகுந்துவிட்டது. வழவழப்புத் தாள் நனைந்து காய்ந்தால் பக்கங்கள் பிரிக்கவே முடியாதபடி ஒட்டிக்கொள்ளும். அந்தப் பெட்டி முழுக்க செங்கல்லாக இறுகிக் கிடந்தது. மேல் பெட்டி பிழைத்திருந்தது. கடல் காற்றில் பின்கள் துருப்பிடித்து, நடுப்பக்கங்களில் பழுப்புக் கறை. ராமபாணப் பூச்சி அட்டை ஓரங்களைத் தின்றிருந்தது. ஆனால் எழுத்து தெளிவாக இருந்தது. பெரும்பாலும் 'ரீப்ளே', இடையிடையே 'ப்ளே மீட்டர்', எண்பதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகளின் தொடக்கம் வரை.

இவற்றில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த மெஷின் நன்றாகச் சம்பாதிக்கிறது என்று, மெஷின் வைத்துத் தொழில் செய்யும் ஆபரேட்டர்களைக் கேட்டுப் போடும் மாத வரிசை. கடைக்காரருக்கும் மெஷின்காரருக்கும் வசூலைப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் வழக்கம் இனியும் கட்டுப்படியாகுமா என்ற சண்டை. லைசென்ஸ், வரி, காசுப் பெட்டித் திருட்டு. ஒரு கேம் எந்த மாதம் கடைக்கு வந்தது என்பதை உறுதியாகச் சொல்ல இன்று ஆராய்ச்சி செய்பவர்கள் முதலில் புரட்டுவதும் இவற்றைத்தான். திரையில் தெரியும் வருடம் கேமை உருவாக்கிய வருடத்தை மட்டும் சொல்லும். விளம்பரமும் விலைப் பட்டியலும்தான் அது விற்பனைக்கு வந்த கதையைச் சொல்லும்.

எனக்கு இதைவிடப் பெரிய புதையல் விளம்பரப் பக்கங்கள். சின்ன வயதில் நான் பார்த்த கேம் கடைகளில் மெஷினின் பக்கவாட்டில் விமானம் வரைந்திருக்கும், திரையில் குஸ்தி ஓடும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அதற்கான பதில் இந்தப் பக்கங்களில் இருக்கிறது. 1985-ல் ஜப்பானியத் தொழில் சங்கமான ஜாமா, கேம் போர்டை மெஷினோடு சேர்க்க 56 பின்கள் (மின் தொடர்பு முனைகள்) கொண்ட ஒரே மாதிரியான இணைப்பை வகுத்தது. அதன் பிறகு பழைய கேம் போர்டை, அதாவது கேம் அடங்கிய சர்க்யூட் பலகையை, உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் போதும், முழு மெஷினையும் மாற்ற வேண்டாம். அமெரிக்க விளம்பரங்களில் போர்டோடு மேல் பலகை, பக்கவாட்டு ஸ்டிக்கர், பட்டன் பலகைக்கான ஸ்டிக்கர் எல்லாம் சேர்ந்து ஒரு 'கிட்' ஆக வரும். நம் ஊருக்கு வந்தது வெறும் போர்டு மட்டும். பெரியவர் சிரித்தபடி சொன்னார்: "ஸ்டிக்கருக்கு யாரு தம்பி காசு குடுப்பா? பசங்க பாக்குறது ஸ்கிரீனத்தான்." காப்காம் 1993-ல் வெளியிட்ட 'காடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்', நம்மூர்ப் பையன்கள் வாயில் 'முஸ்தபா', இப்படித்தான் அவர் கடைக்கும் வந்தது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய நகல் போர்டு.

இதழ்களின் ஓரங்களில் அவர் கையெழுத்து. டாலர் விலைக்குப் பக்கத்தில் ரூபாய்க் கணக்கு. ஒரு பின்னட்டை முழுக்க ஜாமா இணைப்பில் உள்ள பின்களின் வரிசையைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறார்: 'பிளஸ் 5, மைனஸ் 5, பிளஸ் 12, தரை, சிவப்பு, பச்சை, நீலம்'. கீழே, 'சிதம்பரம் கடை – மானிட்டர் சரியில்லை'. உலகத்தில் வேறெந்தச் சேகரிப்பில் இருக்கும் 'ரீப்ளே'யிலும் இந்தப் பக்கம் இருக்காது. ஆன்லைனில் ஸ்கேன் கிடைக்கிறதே, பிறகெதற்கு அலைச்சல் என்பவர்களிடம் நான் காட்டப் போவது இந்தப் பின்னட்டையைத்தான்.

கையெழுத்து உள்ள இதழ்களை அவர் கொடுக்கவில்லை. அதுதான் நியாயம். மொட்டை மாடியில் நிழலில் வைத்து, வெயில் சாயும்வரை பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டேன். அவருடைய துணைவியார் நடுவில் மோர் கொண்டுவந்து, "இந்தக் குப்பைய எடைக்குப் போடச் சொல்லி எத்தன வருஷமா சொல்றேன் தெரியுமா?" என்றார். ஆனால் துருப்பிடித்த பின்களைக் கழற்ற ஊசி எடுத்து வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மாதான். மற்ற இதழ்களை வாங்கிக்கொண்டேன். எடைக்கடை விலைக்குத் தரட்டுமா என்று அவர் கேட்டதை மறுத்து, சேகரிப்பவர் கொடுக்கும் விலையைக் கொடுத்தேன்.

செங்கல்லாக இறுகிய பெட்டியும் இப்போது என்னிடம்தான். பழைய ஆவணம் சீர்செய்யத் தெரிந்தவரிடம் காட்டப் போகிறேன். கடலூர், சிதம்பரம், நெய்வேலி பக்கம் கேம் கடை வைத்திருந்தவர்கள் வீட்டில் வசூல் நோட்டு, போர்டு வாங்கிய பில், டோக்கன் ஏதாவது இருந்தால் எடைக்குப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். எந்த ஊராக இருந்தாலும் நேரில் வருகிறேன்.