வெள்ளை போர்டு வரட்டும்

2022-ல் பேருந்துப் பயணம் பற்றிய ஓர் ஆய்வில் உதவியாளராகச் சேர்ந்தேன். காலை ஆறரைக்குச் சென்னை ஓஎம்ஆரில், கண்ணகி நகருக்குப் பக்கத்து நிறுத்தத்தில் நின்று, எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறினார்கள், இறங்கினார்கள் என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

போக்குவரத்துத் திட்டமிடல் படிக்கும்போதே ஒரு கணக்கு மனதில் ஏறிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் சராசரிக் காத்திருப்பு ஐந்து நிமிடம், அதாவது இடைவெளியில் பாதி. வண்டிகள் சீராக வந்தால் சரிதான். அதுவே இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு வண்டிகள் ஒன்றன் வாலைப் பிடித்துக்கொண்டு ஒன்று வந்தால், தாளில் அப்போதும் மணிக்கு ஆறு வண்டிதான், ஆனால் நிற்பவருக்குச் சராசரி பத்து நிமிடம் ஆகிவிடும். இதெல்லாம் பாடத்தில் இருந்தது.

பாடத்தில் இல்லாத ஒன்றை ஓர் அக்காவிடம்தான் கற்றுக்கொண்டேன். கையில் ஒயர் கூடை, அதில் சாப்பாட்டு டப்பா. வண்டி வந்தது, உட்கார இடமும் இருந்தது, அவர் ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. "அக்கா, இது நீங்க போற பஸ் இல்லையா?" என்றேன்.

"போறதுதான் தம்பி. டீலக்ஸ் அது. வெள்ளை போர்டு வரட்டும்."

2021 மே 8 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில், அதாவது வெள்ளை போர்டில், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. டீலக்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டும். அவர் வண்டி எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் போர்டின் நிறத்தைத்தான் பார்க்கிறார். அவர் ஏறியபோது என் கடிகாரத்தில் இருபத்தைந்து நிமிடம் ஓடியிருந்தது. அதற்குள் அதே தடத்தில் மூன்று வண்டி வந்ததாக என் தாள் சொன்னது. அவருக்கு வந்தது ஒன்றுதான்.

அன்று சாயங்காலம் படிவத்தில் 'ஏறாமல் விட்ட வண்டி' என்று கையால் கோடு போட்டு ஒரு கட்டம் சேர்த்தேன். மேலே இருந்தவர்கள் தடுக்கவில்லை, ஆனால் அறிக்கையில் அது கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டது, முதல் அட்டவணையில் பழைய பாதிக் கணக்கே நின்றது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் காலை நேரம் அது, அதை எப்படி ஐந்து நிமிடம் என்று எழுதுவது?

இப்போது படிவம் தயாரிப்பது நான்தான். அந்தக் கட்டம் வண்டி எண்ணுக்கு அடுத்தபடியாகவே இருக்கிறது. அப்புறம், புதிதாகக் களத்துக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடுவேன்: வண்டி கிளம்பிய பிறகு நிறுத்தத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.