கர்ப்பிணிக்கு ஃப்ளூ ஊசி: எப்போது, எது, காய்ச்சலே வந்துவிட்டால்?

ஃப்ளூ ஊசி என்ற பேச்சை டாக்டர் எடுத்ததுமே வீட்டில் ஒரு குரல் எழும்: "அதான் ரெண்டு ஊசி போட்டாச்சே!" போட்டது டி.டி. அது ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் உரியது. ஃப்ளூவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃப்ளூ ஊசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லாததால் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போட வேண்டியிருக்கிறது. அட்டவணையில் இல்லையென்றால் அவசியமில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமோ 2012-லேயே கர்ப்பிணிகளை முன்வரிசையில் வைத்துவிட்டது.

காரணம் எளிது. கருப்பை வளர வளர உதரவிதானம் (நுரையீரலுக்கு அடியில் உள்ள மூச்சுத் தசை) சுமார் 4 செ.மீ. மேலே தள்ளப்படுகிறது. மூச்சை விட்டபின் நுரையீரலில் மிஞ்சும் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. கையிருப்பு இப்படிக் குறைந்திருக்கும்போது நிமோனியா வந்தால் நிலைமை சில மணி நேரத்திலேயே மோசமாகலாம். 2009 பன்றிக் காய்ச்சலின்போது அமெரிக்க மக்கள்தொகையில் கர்ப்பிணிகள் சுமார் 1 சதவீதம். இறந்தவர்களில் அவர்கள் சுமார் 5 சதவீதம்.

எந்த மாதத்திலும் போடலாம். ஆனால் இரண்டு தேதிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்: மழை தொடங்கும் தேதி, பிரசவத் தேதி. தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஃப்ளூ கூடும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரமாகும் என்பதால் செப்டம்பருக்குள் போட்டுவிடுவது நல்லது. பிரசவம் மழைக்காலத்தில் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. ஆறு மாதம் ஆகாத குழந்தைக்கு ஃப்ளூ ஊசி கிடையாது. தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாகப் போகும் எதிர்ப்புச் சக்திதான் அதற்குக் காப்பு. அது போய்ச்சேர வேண்டுமானால் பிரசவத்துக்கு இரண்டு வாரத்துக்கு முன்பாவது ஊசி போட்டிருக்க வேண்டும். வங்கதேசத்தில் நடந்த ஓர் ஆய்வில், ஊசி போட்ட தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஆறு மாதம் வரை உறுதிசெய்யப்பட்ட ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது.

போட வேண்டியது செயலிழந்த வைரஸ் ஊசி: 0.5 மி.லி., தோள்பட்டைத் தசையில். மூக்கில் விடும் மருந்து உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸ் கொண்டது. கர்ப்பிணிக்கு அது கூடாது. பெட்டியில் எந்த ஆண்டின் தயாரிப்பு என்று பாருங்கள், போன ஆண்டின் மிச்சம் வேண்டாம். 2 முதல் 8 டிகிரியில் இருந்திருக்க வேண்டும். உறைந்துபோன மருந்து வீண். நான்கு வகை ஃப்ளூ வைரஸுக்கான ஊசிக்குப் பதில் மூன்று வகைக்கான ஊசி தந்தால் ஏமாற்று என்று நினைக்காதீர்கள். பி-யமகட்டா என்ற வகை 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகவில்லை, அதனால்தான் அதை எடுத்துவிட்டார்கள். முட்டை ஒவ்வாமை தடையில்லை. முன்பு ஃப்ளூ ஊசிக்கே உடம்பு வீங்கி மூச்சடைத்தவர்கள் மட்டும் போடக்கூடாது. கைவலியும் ஓரிரு நாள் லேசான காய்ச்சலும் வரலாம். செயலிழந்த வைரஸால் ஃப்ளூ வர வழியே இல்லை.

ஊசி போட்டும் வரலாம், போடாமலும் வரலாம். காய்ச்சல், இருமல், உடம்புவலி தொடங்கினால் முதல் 48 மணி நேரம்தான் பொன்னானது. மத்திய சுகாதார அமைச்சகத்தின் வகைப்பாட்டில் கர்ப்பிணிகள் 'பி' பிரிவின் அதிக ஆபத்து வரிசையில் வருகிறார்கள்: பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் ஒசெல்டாமிவிர் என்ற ஃப்ளூ வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கலாம். 75 மி.கி., தினம் இரண்டு வேளை, ஐந்து நாள். டாக்டர் சீட்டு வேண்டும். சாப்பிட்டபின் போட்டால் குமட்டல் குறையும். காய்ச்சல் விட்டதென்று மூன்றாம் நாளே நிறுத்திவிடாதீர்கள்.

காய்ச்சலைத் தணிக்க பாராசிட்டமால் 500 அல்லது 650 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். மெடிக்கல் ஷாப்பில் "சளிக்கு" என்று தரும் கலவை மாத்திரைகளிலும் பெரும்பாலும் பாராசிட்டமால் இருக்கும். இரண்டையும் சேர்த்தால் அளவு எகிறிவிடும். ஐபுபுரூஃபென் வேண்டாம்: 20 வாரத்துக்குப் பின் அது குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும். போதாததற்கு, மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம், அதில் இந்த மாத்திரை ரத்தக்கசிவைக் கூட்டும். ரத்த அழுத்தத்துக்காக டாக்டர் தந்த குறைந்த அளவு ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தாதீர்கள். நிலவேம்பு கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானது என்று நிரூபணமாகவில்லை; கபசுரக் குடிநீரிலும் அது உண்டு. கஞ்சி, ரசம், இளநீர் போதும்.

மூச்சிரைப்பு, நெஞ்சுவலி, சளியில் ரத்தம், குழப்பம், ஆக்சிமீட்டரில் 95-க்குக் கீழ், குழந்தையின் அசைவு குறைவது, விட்ட காய்ச்சல் திரும்புவது: இதில் எது தெரிந்தாலும் காலை வரை பொறுக்காமல் 108-ஐ அழையுங்கள். பிரசவத்துக்குப்பின் ஃப்ளூ வந்தால் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. கைகழுவி, முகக்கவசம் போட்டுக் கொடுக்கலாம். முடியாதபோது பாலைப் பீய்ச்சிக் கொடுத்தால் வேறொருவர் ஊட்டுவார்.