ராயபுரத்தில் கடலைச் சீரியல்

டொரொன்டோவில் இருக்கும் என் அக்காவிடம் எந்தச் சிக்கலைச் சொன்னாலும் பதிலுக்கு ஒரு பார்சல் வரும். மாமனாருக்குச் சர்க்கரை கூடிவிட்டது, காலைச் சாப்பாட்டில் மாவுச்சத்தைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர் என்று சொன்னதுதான் தாமதம், சென்னைக்கு வந்த யாரோ ஒருவரின் பெட்டியில், காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் சீரியல் அட்டைப்பெட்டிகள் மூன்று ராயபுரம் வந்து சேர்ந்தன. சோளத்திலும் கோதுமையிலும் செய்யும் வழக்கமான சீரியல் அல்ல. கொண்டைக்கடலை, பட்டாணி, மைசூர்ப் பருப்பு, வெள்ளை நிறத்துச் சிறு பீன்ஸ் விதை என்று பயறு வகைகளை அரைத்துச் செய்தவை. சர்க்கரையில் முக்கிய வண்ண வளையங்களுக்குப் பழகிய பிள்ளைகளைக் கொஞ்சம் நல்ல சாப்பாட்டின் பக்கம் திருப்ப அங்கே இப்படிச் செய்கிறார்கள். எங்கள் வீட்டுத் தேவை வேறு. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற, இட்லியைத் தவிர வேறெதையும் டிபன் என்று ஒப்புக்கொள்ளாத ஒரு மனிதரை வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவள். கலியாணம் முடித்து வடசென்னைக்கு வந்தேன். மொழி ஒன்றுதானே, இதெல்லாம் ஒரு வெளிநாடா என்று இங்கே பலர் கேட்பார்கள். வெளிநாடுதான். விசா, வெளிநாட்டவர் பதிவு, நீட்டிப்பு என்று ஒரு கோப்பு அலமாரியில் எப்போதும் தயாராக இருக்கும். ரேஷன் அட்டையில் என் பெயர் கிடையாது. தண்ணீர் வரும் நேரம், ஷேர் ஆட்டோவில் இடம்பிடிக்கும் வித்தை, காசிமேட்டில் மீன் பேரம் எல்லாம் சீக்கிரமே பழகிவிட்டன. பழக நாளானது இந்த வீட்டுக் காலைச் சாப்பாடுதான்.

ஏழரை மணிக்கெல்லாம் எங்கள் தெருவில் இட்லிப் பானை இறங்கிவிடும். கூடவே வடகறி கிடைத்தால் அது விசேஷ நாள். யாழ்ப்பாணத்தில் அம்மா புட்டோ இடியப்பமோ அவிக்காத நாளில் பயறை அவித்துத் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் சேர்த்துத் தருவார். இல்லையென்றால் கடலையை அவித்து, செத்தல் மிளகாயும் தேங்காய்ச் சொட்டும் போட்டுத் தாளிப்பார். அவ்வளவுதான் காலைச் சாப்பாடு. இங்கே அதையே செய்து வைத்தபோது மாமா நிதானமாகச் சாப்பிட்டு முடித்துவிட்டு, "சுண்டல் நன்றாக இருக்கிறதம்மா, டிபன் எப்போது?" என்று கேட்டார். சுண்டல் கொலுவிலும் கோயிலிலும் கடற்கரையிலும் மாலை நேரத்தில் சாப்பிடுவது. காலை எட்டு மணிக்கு அதற்கு இந்த வீட்டில் அனுமதி இல்லை.

பயறைத் தூளாக்கிச் சாப்பிடுவதும் எனக்குப் புதிதல்ல. இலங்கையில் கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த குழந்தைகளுக்கும் 1973 முதல் அரசு இலவசமாகக் கொடுத்துவரும் திரிபோஷா, சோளமும் சோயாவும் பால்மாவும் கலந்த மா. அம்மா அதில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடிப்பார். தம்பிக்கென்று கிளினிக்கில் கொடுத்ததில் பாதி என் வயிற்றுக்குத்தான் போனது. பின்னால் கடைகளில் வந்த சமபோஷாவில் சோயாவோடு பயறும் அரிசியும் சோளமும் உண்டு. எனவே அக்காவின் பெட்டிகளைக் கண்டு நான் மலைக்கவில்லை. நம் பழைய மா வளையமாகி வந்திருக்கிறது என்றுதான் தோன்றியது.

சுவைத்துப் பார்க்க ஆட்களுக்குப் பஞ்சமில்லை. மாமா, அத்தை, என் கணவர், பக்கத்துப் போர்ஷனில் இருக்கும் பிள்ளைகள் இருவர். அந்தப் பிள்ளைகள் மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறார்கள். 2022-இல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ பள்ளியிலேயே கிடைத்துவிடுகிறது. பசியில் எதையும் விழுங்கும் நடுவர்கள் அல்ல என்பதால் அவர்கள் தீர்ப்பை நான் மதித்தேன்.

முதல் பெட்டியில் பட்டைத்தூள் தூவிய கொண்டைக்கடலை வளையங்கள். கையில் எடுத்தால் எடையே தெரியவில்லை. பால் ஊற்றாமல் மென்றபோது முதலில் இனிப்பு, பிறகு பட்டை, கடைசியில் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ஒரு மாவு. அத்தை இரண்டாவது வளையத்திலேயே ஆளைப் பிடித்துவிட்டார். "பஜ்ஜி உள்ளே வேகாமல் இருந்தால் இப்படித்தான் இருக்கும்" என்றார். இரண்டாவது பெட்டியில் பீன்ஸ் விதையும் பருப்பும் கலந்த கொக்கோ வளையங்கள். பிள்ளைகள் இன்னொரு கிண்ணம் கேட்டார்கள். கொக்கோவும் சர்க்கரையும் போதிய அளவு சேர்ந்தால் செங்கல் தூளையும் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்கள் என்பது என் எண்ணம். மூன்றாவது, இனிப்பே சேர்க்காத பட்டாணிச் செதில். ஒரு கிண்ணத்துக்கு 8 கிராம் புரதம் என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். உடம்புக்கு நல்லது எது என்று கேட்டால் மூன்றில் இதுதான். வாயில் வைத்தால் பச்சைப் பட்டாணியின் தோலை மென்றது போன்ற வாசனை. என் கணவர் மரியாதைக்கு நான்கு செதில் தின்றுவிட்டு நாளிதழை எடுத்துக்கொண்டார்.

குளிர்ந்த பாலில் இவை ஓரளவு தாக்குப்பிடித்தன. ஆனால் இந்த வீட்டில் பால் என்றால் காய்ச்சிய பால்தான். 1994-இல் கெல்லாக்ஸ் இந்தியச் சந்தைக்கு வந்தபோதும் இதே கதைதான்: சூடான பாலை ஊற்றிச் சாப்பிடும் வீடுகளில் செதில்கள் மொறுமொறுப்பை இழந்து தளர்ந்துபோயின. மாமா ஆவி பறக்கும் பாலை வளையங்கள்மேல் ஊற்றினார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தபோது கிண்ணத்தில் கஞ்சி இருந்தது. "இதற்குக் கஞ்சியே வைத்திருக்கலாமே" என்றார். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

அந்தப் பச்சை வாசனை மட்டும் என்னை விடவில்லை. அதற்குக் காரணம் பயறுக்குள் இருக்கும் லிப்பாக்சிஜினேஸ் என்ற நொதி. பயறை அரைக்கும்போது அதிலுள்ள கொழுப்பும் காற்றும் இந்த நொதியும் சேர்ந்து ஹெக்சனால் போன்ற பொருள்களை உண்டாக்குகின்றன. வெட்டிய புல்லின் வாசனையிலும் ஹெக்சனாலுக்குப் பங்கு உண்டு. சூடு பட்டால் நொதி செயலிழந்துவிடும். தொழிற்சாலையில் மாவை ஈரப்படுத்தி, அழுத்தத்தில் சூடேற்றி, சிறு துளை வழியே தள்ளுவார்கள். வெளியே வந்ததும் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி விரிய, மாவு பொரிந்து வளையமாகும். ஆனால் அரைத்தபோதே வாசனை ஏறிவிட்டால் பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் முழுதாகப் போகாது, பட்டையும் கொக்கோவும் போட்டு மறைக்க வேண்டியதுதான். நம் வீடுகளில் வரிசை வேறு. முதலில் வறுப்போம், பிறகுதான் அரைப்போம். பொட்டுக்கடலையில் பச்சை வாசனை இல்லாததற்கும் இந்த வறுப்புதான் காரணம்.

பெட்டிகளை எடுத்து வைத்த அன்று அத்தை ஒரு நியாயமான கேள்வி கேட்டார். "இட்லியில் உளுந்து இருக்கிறது, பொங்கலில் பாசிப்பருப்பு இருக்கிறது, அடையில் எல்லாப் பருப்பும் இருக்கிறது. பிறகு எதற்கு இது?" உண்மைதான். புரதத்தின் கூறுகளில் ஒன்றான லைசின் அரிசியில் குறைவு, பருப்பில் தாராளமாக உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனின் என்ற இன்னொரு கூறு அரிசியில் உண்டு. இரண்டையும் சேர்த்தவர்கள் விவரம் தெரிந்தவர்கள்தான். ஆனால் இட்லிக்கு நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. மாமாவுக்கு அந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டாக வேண்டும். 100 கிராம் கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம், பாசிப்பயறில் 24. சோளச் செதிலில் ஏழெட்டுத்தான். அடை ஒரு வழி. ஆனால் வெண்ணெயும் வெல்லமும் தொட்டுக்கொள்ளாமல் மாமாவுக்கு அடை இறங்காது. அந்த வழி அதோடு அடைபட்டது.

கோவிந்தப்ப நாயக்கன் தெருவுக்குப் போனேன். கொத்தவால் சாவடியின் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டாலும் பருப்பு, மளிகை மொத்த வியாபாரம் அந்தப் பக்கத்துத் தெருக்களை விட்டுப் போகவில்லை. தள்ளுவண்டிக்கும் மூட்டை சுமப்பவருக்கும் வழிவிட்டு நடப்பதே ஒரு வேலை. கடைக்காரர் சாக்குகளைக் காட்டிக்கொண்டே வந்தார்: உளுந்து பர்மாவிலிருந்து, மஞ்சள் பட்டாணி கனடாவிலிருந்து. எங்கள் ரேஷன் கடையிலும் கிலோ 30 ரூபாய்த் துவரம் பருப்புக்குப் பதிலாகக் கனடா மஞ்சள் பருப்பு தந்த காலம் உண்டு என்று அத்தை சொல்லியிருக்கிறார். கனடாப் பயறு இந்த வீட்டுக்கு வர அட்டைப்பெட்டியும் பார்சலும் தேவைப்பட்டிருக்கவில்லை.

பாசிப்பயறு ஒரு கிலோ, கறுப்புக் கொண்டைக்கடலை அரைக் கிலோ, தோல் உளுந்து கால் கிலோ, பொட்டுக்கடலை கால் கிலோ, கம்பு அரைக் கிலோ. நான்கு பங்கு பயறுக்கு ஒரு பங்கு தானியம். பயறை முளைகட்டி, கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, இரண்டையும் மாடியில் வேட்டி விரித்துக் காயவைத்தோம். ஊறவைத்து முளைகட்டுவது வேக்காட்டுக்காக மட்டுமல்ல. பயறு சாப்பிட்டால் வாயு சேரக் காரணமான ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் சர்க்கரைகள் அதில் குறைகின்றன. குறைகின்றனவே தவிர ஒழிவதில்லை. அதற்குத்தான் சுக்கும் பெருங்காயமும். மாடியில் உட்கார்ந்து காக்கை விரட்டிக்கொண்டிருந்தபோது அத்தை பழைய கதை சொன்னார். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிய காலத்தில் இந்த மாடியில் வடாம் பிழிந்தால் சாயங்காலம் அது கறுத்திருக்குமாம். 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அது நின்றது. அதன் பிறகுதான் மாடியில் வெள்ளை வேட்டியை விரிக்கவே மனம் வந்தது என்றார்.

வறுக்கும் வேலையை அத்தை எனக்கு விடவில்லை. இரும்புச் சட்டியில் ஒவ்வொன்றாகத்தான் வறுக்க வேண்டும்; சேர்த்துப் போட்டால் உளுந்து கருகும், கடலை வேகாது. பயறின் பச்சை நிறம் மங்கி மண்நிறம் வரும்வரை ஒரு நிதானம். கம்பு அங்கொன்றும் இங்கொன்றுமாக வெடிக்கும்போது இறக்கிவிட வேண்டும். கடலைக்குத்தான் அதிக நேரம். ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கடிக்கும் சத்தத்தைக் கேட்டு, "இன்னும் கொஞ்சம்" என்பார். நான் மூக்கால் பார்ப்பதை அவர் பல்லால் பார்க்கிறார். பொட்டுக்கடலைக்கு அடுப்பை அணைத்த பிறகு சட்டியில் இருக்கும் சூடே போதும்.

மாவு மில்லில் ஒரே விதி: மிளகாய் அரைத்தவருக்குப் பின்னால் நிற்கக் கூடாது. கோதுமை கொண்டுவந்த ஒரு அம்மாவைத் தேடிப்பிடித்து அவருக்குப் பின்னால் நின்றேன். "நைசாகவா, ரவையாகவா?" என்றார் மில்காரர். ரவை என்றேன். இயந்திரத்தின் வாயில் கட்டிய துணிக்குழாயிலிருந்து விழுந்ததை இரு விரலால் தேய்த்துப் பார்த்து, கல்லை ஒரு திருகுத் திருகினார். சூடாகவே டப்பாவில் அடைத்தால் வியர்த்துக் கட்டிதட்டும் என்பதால் வீட்டுக்கு வந்ததும் தாளில் பரப்பி ஆறவைத்தோம். வீடு முழுக்க வறுத்த கடலை மணம். பக்கத்துப் பிள்ளைகள் கேட்காமலே வந்து நின்றார்கள்.

சமையல் மட்டும் என் ஊர் முறை. ரவையில் உப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரைத் தெளித்து, புட்டுக்குப் போல உதிர்த்து, கால் மணி நேரம் ஊறவிட்டு ஆவியில் வேகவைத்தேன். பிறகு கடுகு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பெருங்காயம் போட்டுத் தாளித்துக் கொஞ்சம் தேங்காய்ப்பூ. மாமா ஒரு வாய் எடுத்தார். இன்னொரு வாய். "உப்புமா உதிரி உதிரியாக வந்திருக்கிறதே" என்றார். நான் மறுக்கவில்லை. உப்புமா டிபன். அதற்குமேல் என்ன வேண்டும்?

எதிர்வீட்டுப் பாட்டிக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினேன். 1960களில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த குடும்பம் அவருடையது. அங்கே காலையில் வேகவைத்த பட்டாணியை 'நாண்' ரொட்டியோடு சாப்பிடுவார்களாம். வந்த புதிதில் இங்கே அதைக் கேட்டுச் சிரித்தார்கள் என்றார். இப்போது பீச் ஸ்டேஷன் பக்கம் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் வாங்க வரிசையில் நிற்பவர்கள், அதன்மேல் நொறுக்கிப் போடும் பேஜோவும் பருப்பில் செய்ததுதான் என்று யோசிப்பதில்லை என்பது அவர் குறை. என் புட்டுக்கு அவர் தந்த மதிப்பெண் சுமார்தான். உப்பு போதாதாம்.

மாமாவின் சர்க்கரை அளவைச் சொல்லி நான் பெருமை பேசப்போவதில்லை. மாத்திரை இருக்கிறது, காலை நடை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை இட்லியும் இருக்கிறது. பதினொரு மணிக்குப் பசிக்கிறது என்று பிஸ்கட் தேடுவது நின்றிருக்கிறது, அவ்வளவுதான். முதல் வாரத்தில் வயிற்றின் சத்தம் பற்றி அவர் சொன்ன புகார்களை எழுதினால் அத்தை கோபிப்பார்.

அடுத்த தடவை கொள்ளு சேர்க்கலாமா என்பதில்தான் வீட்டில் சண்டை. கொள்ளு உடம்புக்குச் சூடு, சித்திரை போகட்டும் என்கிறார் அத்தை. குதிரைக்குப் போடுவதைத் தனக்குப் போடப் பார்க்கிறேன் என்று மாமா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். கால் கிலோவுக்குமேல் போகாதீர்கள், கசக்கும் என்பது மில்காரரின் கட்சி. நான் அரைக் கிலோ வாங்கி வைத்திருக்கிறேன்.