ஹெஸ்ஸே வீட்டுக் கொடிவழி: மூன்றாவது சார்ட்

எங்கள் வீட்டுக் கொடிவழியை எழுதி முடித்ததும் கை சும்மா இருக்கவில்லை. அடுத்து யாரை வரையலாம் என்று பார்த்தபோது மாட்டியவர் ஜெர்மனியின் ஹெஸ்ஸே இளவரசி விக்டோரியா. 1863-இல் பிறந்தவர், பிரிட்டிஷ் மகாராணி விக்டோரியாவின் மகள் வயிற்றுப் பேத்தி. இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டனுக்கு அம்மா.

முதல் சார்ட் ஒரே மாலையில் குப்பைக்குப் போனது. தலைமுறைக்கு ஒரு வரிசை என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருந்தேன். விக்டோரியாவுக்குப் பக்கத்தில் கணவர் லூயி பேட்டன்பர்க்கை எழுதப் போனால், அவர் மேல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்! அவருடைய அப்பாவும் விக்டோரியாவின் தாத்தாவும் கூடப்பிறந்தவர்கள். அதாவது அப்பாவின் சித்தப்பா மகன். நம் கணக்கில் சித்தப்பா முறை. சார்ட்டை எட்டிப் பார்த்த அம்மா "கருமம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதிலிருந்துதான் யோசனை வந்தது. இரண்டாவது சார்ட்டில் வரிசைகளை விட்டுவிட்டு, கல்யாணக் கோடுகளுக்கு நிறம் கொடுத்தேன். நம் முறைப்படி சரியென்றால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு.

மூத்தவர் விக்டோரியா, சிவப்பு. அடுத்தவர் தங்கை எல்லா. அவர் மணந்த ரஷ்யாவின் செர்கெய், அப்பாவுக்கு அத்தை மகன். மாமா முறை, பச்சை. மூன்றாவது இரேன். மாப்பிள்ளை பிரஷ்யாவின் ஹைன்ரிக், பெரியம்மா மகன். அண்ணன் முறை! அடர் சிவப்பு. தம்பி எர்ன்ஸ்ட் லுட்விக் கட்டியது தாய்மாமன் மகளை, பச்சை. அவள் பெயரும் விக்டோரியா மெலீட்டா. (அந்தப் பெரியம்மாவும் விக்டோரியாதான். இந்தக் குடும்பத்தில் பெயருக்கு அவ்வளவு பஞ்சம்.) பிழைத்து வளர்ந்தவர்களில் கடைக்குட்டி அலிக்ஸுக்கு ஜார் நிக்கோலஸ். செர்கெயின் அண்ணன் மகன், ஆக மாமன் மகன். அசல் முறைப்பையன்.

கோடு போட்டு முடித்துவிட்டு வருடங்களை எழுதினேன். செர்கெய் 1905-இல் குண்டுவீச்சில் இறந்தார். எர்ன்ஸ்ட் லுட்விக் 1901-இல் விவாகரத்து. 1918 ஜூலையில் நிக்கோலஸும் அலிக்ஸும் ஐந்து பிள்ளைகளோடு சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; மறுநாள் எல்லாவைச் சுரங்கக் குழியில் தள்ளினார்கள். பச்சைக் கோடுகளின் கதி இது. சித்தப்பா முறையோ 1884-இல் தொடங்கி லூயி இறந்த 1921 வரை நீடித்தது. என் நிறம் எதற்கும் உதவவில்லை என்று புரிந்தாலும் மாற்ற மனம் வரவில்லை.

அப்புறம் கறுப்புப் புள்ளி. ரத்தம் உறையாத ஹீமோபிலியா பையன்களுக்கு மட்டும். விக்டோரியாவின் தம்பி ஃபிரிட்டி 1873-இல் ஜன்னலிலிருந்து விழுந்து, இரண்டரை வயதில் ரத்தக்கசிவால் இறந்தான். இரேனின் மகன்கள் இருவருக்குப் புள்ளி, அலிக்ஸின் மகன் அலெக்ஸெய்க்கு ஒன்று. விக்டோரியாவின் மகன்கள் பக்கம் ஒன்றுகூட விழவில்லை.

இடம் பற்றாமல் இப்போது மூன்றாவது சார்ட், இரண்டு தாள் ஒட்டியது. இதில் நீல மசியால் தாய்வழியை மட்டும் இழுத்தேன்: விக்டோரியா, மகள் ஆலிஸ், ஆலிஸின் மகன் ஃபிலிப். எலிசபெத் ராணியின் கணவரேதான். அலிக்ஸும் விக்டோரியாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதால், 1990-களில் ரஷ்யாவில் தோண்டியெடுத்த எலும்புகள் அலிக்ஸுடையவைதானா என்று பார்க்க ஃபிலிப்பின் ரத்தம்தான் உதவியது. இந்த ஒரு கோட்டை வரையும்போது கை நடுங்கியது உண்மை.

பாக்கி ஒரு வேலை இருக்கிறது. எல்லாவின் உடல் சீனா வழியாக ஜெருசலேம் போய்ச் சேர்ந்தபோது, 1921-இல் விக்டோரியா அங்கே போய் ஒரு தேவாலயத்தில் அடக்கம் செய்தார். மகள் ஆலிஸ் தன்னையும் சித்தி பக்கத்தில் வைக்கச் சொல்லியிருந்தார்; அவர் உடலும் 1988-இல் அதே தேவாலயத்துக்கு வந்து சேர்ந்தது. இருவரையும் புள்ளிக்கோட்டால் இணைக்க வேண்டும். குறுக்கே எர்ன்ஸ்ட் லுட்விக்கின் பிள்ளைகள் நிற்கிறார்கள், சுற்றிக்கொண்டுதான் போகணும்.