சாப்பாட்டு மேசையில் அச்சான வேல்

தைப்பூசத்துக்கு எங்கள் காவடிக் குழுவின் 12 மஞ்சள் சட்டைகளையும் இந்த முறை வீட்டிலேயே அச்சடித்தோம். எம்ப்ராய்டரி வளையத்தில் வலை போன்ற மெல்லிய பாலியஸ்டர் திரைத்துணியை முரசு மாதிரி இறுக்கிக் கட்டினால் அச்சடிக்கும் சட்டகம் ரெடி. புத்தகத்துக்கு அட்டை போடும் ஒட்டுத்தாளில் 'வேல்' என்று வெட்டி, வலையின் அடிப்பக்கம் ஒட்டினோம். தாளின் பின்பக்கத்தில் நேராக எழுதி வெட்டினால் போதும், எழுத்து திரும்பாது.

தமிழ் எழுத்தில் சுழிகள் அதிகம். வெறும் அட்டையில் வெட்டினால் சுழிக்குள் இருக்கும் துண்டு விழுந்துவிடும். வலையில் அது ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஒவ்வொன்றையும் இடுக்கியால் வைத்தது அம்மாதான், அத்தனை பொறுமை!

மை, இங்கே சிங்கப்பூரில் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸ் கடையில் வாங்கிய, நீரை அடிப்படையாகக் கொண்ட துணி மை. சட்டகத்தைச் சட்டைமேல் வைத்து, வலையில் மையை விட்டு, பழைய பிளாஸ்டிக் கார்டால் ஒரே இழுப்பு. முதல் சட்டையில் உள்ளே அட்டை வைக்க மறந்து, முதுகுப் பக்கமும் மை ஊறிவிட்டது. மை காய்வதற்குள் வலையைக் கழுவிவிடுங்கள், இல்லையென்றால் கண்கள் அடைத்துவிடும். ஒரு நாள் காயவிட்டு, அப்புறம் மேலே துணி போட்டு நன்றாக இஸ்திரி போட்டோம். மூன்று முறை துவைத்தாயிற்று, சாயம் போகவில்லை.

சட்டகம் இன்னும் நன்றாக இருக்கிறது. ஈசூன் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், தருகிறேன்.